செல் முன்விளிம்பின் விசையை அளத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊர்ந்து நகரும் செல்லின் முன்விளிம்பில் லேமெல்லிபோடியம் என்ற மெல்லிய தகடு நீள்கிறது, அடித்தளத்தில் ஒட்டுகிறது, ஒட்டிய இடத்தைப் பிடித்து இழுக்கிறது. இந்த விசைகளை முதன்முறையாக அளக்கப் போகிறவர்களுக்காக எழுதியது இந்தப் பக்கம். பாலிஅக்ரிலமைடு ஜெல் முறைக்கே அதிக இடம் ஒதுக்கியிருக்கிறோம்: மென்மையான ஜெல்லில் ஒளிரும் மணிகளைப் பதித்து, செல் இழுக்கும்போது அவை எவ்வளவு நகர்கின்றன என்பதிலிருந்து விசையைக் கணக்கிடும் முறை அது. பெரும்பாலான ஆய்வகங்கள் கையாள்வது அதைத்தான்; பெரும்பாலான பிழைகள் நுழைவதும் அதில்தான்.

"முன்விளிம்பு விசை" என்றால் எந்த விசை?

மூன்று வேறு விசைகளுக்கு இந்த ஒரே பெயர் வழங்குகிறது. முதலாவது தள்ளுவிசை. ஆக்டின் என்ற புரதத்தால் ஆன இழைகளின் நுனியில் புதிய மூலக்கூறுகள் சேரச் சேர, இழை நீண்டு சவ்வை முன்னே தள்ளுகிறது. இரண்டாவது சவ்வின் இழுவிசை. பறையில் இழுத்துக் கட்டிய தோல்போல் விறைத்திருக்கும் சவ்வு, இழைகளைத் திருப்பித் தள்ளுகிறது. இந்த எதிர்ப்பும் மயோசின் என்ற புரதத்தின் இழுப்பும் சேர்ந்து ஆக்டின் வலையைப் பின்னோக்கி நகர்த்துகின்றன. அப்படி நகரும் வலை இன்டெக்ரின் என்ற சவ்வுப் புரதத்தின் ஒட்டுகள் வழியாக அடித்தளத்தைப் பிடித்து இழுப்பதுதான் மூன்றாவது விசை; அதை டிராக்ஷன் என்கிறோம்.

ஜெல் முறை மூன்றாவதை மட்டுமே காட்டும். ஒரு வேனுக்குள் நின்றுகொண்டு முன்கண்ணாடியைத் தள்ளுகிறீர்கள் என்று வையுங்கள். கண்ணாடி எவ்வளவு அழுத்தம் வாங்கினாலும் சாலைக்கு அது தெரியாது, ஏனென்றால் உங்கள் கால் ஊன்றியிருப்பதும் வேனுக்குள்தான். ஆக்டின் வலை செல்லுக்குள்ளேயே எந்த அளவு ஊன்றியிருக்கிறதோ, அந்த அளவு தள்ளுவிசை ஜெல்லின் கண்ணுக்குப் படாது. ஜெல்லில் கிடைத்த எண்ணைத் "தள்ளுவிசை" என்று எழுதிவிட்டு, மதிப்பீட்டாளரின் கேள்விக்குப் பிறகு திருத்துவது இந்தத் துறையில் வாடிக்கையாகிவிட்டது. எந்த விசை வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கருவி அதைப் பொறுத்தது.

எவ்வளவு விசையை எதிர்பார்க்கலாம்?

ஓர் ஆக்டின் மூலக்கூறு சேரும்போது இழை 2.7 நானோமீட்டர் நீள்கிறது. அறை வெப்பநிலையில் வெப்ப ஆற்றலின் அளவு 4.1 பிகோநியூட்டன்-நானோமீட்டர். இந்த ஆற்றலை அந்த நீளத்தால் வகுத்தால் சுமார் 1.5 பிகோநியூட்டன். அதைக் கரைசலில் உள்ள ஆக்டின் செறிவுக்கும் நிலைமாறு செறிவுக்கும் (இழை வளராமலும் தேயாமலும் இருக்கும் செறிவு) உள்ள விகிதத்தின் இயல் மடக்கையால் பெருக்கினால், ஓர் இழை நின்றுபோகும் விசை கிடைக்கும். ஆக, ஓர் இழைக்குச் சில பிகோநியூட்டன்.

2006-இல் பிராஸ், ஜேக்கப்சன், மொகில்னர், ராட்மாக்கர் ஆகியோர் ஊரும் மீன் கெரட்டோசைட்டின் (மீனின் தோல் செல்) பாதையில் அணுவிசை நுண்ணோக்கியின் கான்டிலீவரை (விசை பட்டால் வளையும் நுண்ணிய தகடு) வைத்து நேரடியாக அளந்தார்கள். விளிம்பின் ஒவ்வொரு மைக்ரோமீட்டர் நீளத்திலும் ஏறத்தாழ 100 இழைகள் தள்ளுவதாகக் கொண்டால் அவர்களுடைய அளவு பொருந்துகிறது. அதாவது மைக்ரோமீட்டருக்குச் சில நூறு பிகோநியூட்டன்.

டிராக்ஷன் வேறு அளவில் நிற்கிறது. 2001-இல் பலபான் குழு ஃபைப்ரோபிளாஸ்டின் (இணைப்புத் திசுவின் செல்) முதிர்ந்த ஒட்டுகளில் சதுர மைக்ரோமீட்டருக்குச் சுமார் 5.5 நானோநியூட்டன் என்று கண்டது; 5.5 கிலோபாஸ்கல் என்பதும் அதுவே. முழு ஃபைப்ரோபிளாஸ்டின் எல்லா ஒட்டுகளையும் கூட்டினால் பல பத்து முதல் சில நூறு நானோநியூட்டன் வரும். ஓர் இழையிலிருந்து முழுச் செல்வரை கணக்கு ஐந்து படிநிலைகளைத் தாண்டுகிறது. ஒரே கருவியால் இத்தனையையும் அளக்க முடியாததில் வியப்பில்லை.

செல்லுக்கு அடியில் விழும் சுருக்கத்தைப் பார்த்தே விசையைச் சொல்ல முடியாதா?

1980-இல் ஆல்பர்ட் ஹாரிஸ் குழு மெல்லிய சிலிக்கோன் படலத்தில் செல்களை வளர்த்து, அவை படலத்தைச் சுருக்குவதைக் காட்டியது. விசை இருக்கிறது என்பதற்கு அதைவிட அழகான சான்று கிடையாது. ஆனால் சுருக்கம் நேர்விகிதத்தில் விழுவதில்லை, விசை ஒரு வரம்பைத் தாண்டினால்தான் விழும். அதிலிருந்து எண்ணைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. 1997-இல் பெல்ஹாமும் யூ-லி வாங்கும் கொண்டுவந்த பாலிஅக்ரிலமைடு ஜெல்லும், 1999-இல் டெம்போவும் வாங்கும் அதன்மேல் செய்த கணக்கீடும்தான் இன்றைய முறையின் அடித்தளம்.

ஜெல்லை எப்படித் தயாரிப்பது?

ஏறத்தாழ 4 முதல் 5 கிலோபாஸ்கல் யங் குணகம் (விறைப்பின் அளவு) தரும் கலவை ஒன்றைச் சொல்கிறோம்: 5% அக்ரிலமைடு, 0.15% பிஸ்-அக்ரிலமைடு. ஒரு மில்லிலிட்டருக்கு:

- 40% அக்ரிலமைடு கரைசல்: 125 மைக்ரோலிட்டர்
- 2% பிஸ்-அக்ரிலமைடு கரைசல்: 75 மைக்ரோலிட்டர்
- 0.2 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள ஒளிரும் மணிகள் (2% திண்மம்): 10 மைக்ரோலிட்டர்
- தாங்கல் கரைசல் அல்லது நீர்: 779 மைக்ரோலிட்டர்
- 10% அமோனியம் பெர்சல்ஃபேட், அன்றன்று கரைத்தது: 10 மைக்ரோலிட்டர்
- டெமெட் (உறைதலை விரைவுபடுத்துவது): 1 மைக்ரோலிட்டர்

அக்ரிலமைடு பொடி நரம்பு நஞ்சு. அதைத் தராசில் நிறுக்க வேண்டாம். கரைசலாகவே வாங்குங்கள், கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

ஜெல் உறைவதற்கு முன்பே கண்ணாடி தயாராக இருக்க வேண்டும். கவர்ஸ்லிப்பை 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் நனைத்து உலர்த்துங்கள். அமினோபுரோப்பைல் ட்ரைஎத்தாக்சிசிலேன் தடவி 5 நிமிடம் விட்டு, நீரில் பலமுறை அலசுங்கள். பிறகு 0.5% குளூட்டரால்டிஹைடில் 30 நிமிடம் வைத்து, மறுபடி அலசி உலர்த்துங்கள். சிலேன் மிச்சமிருந்தால் குளூட்டரால்டிஹைடு பட்டவுடன் ஆரஞ்சுப் பழுப்பு நிறத்தில் படிவு விழும். அந்தக் கவர்ஸ்லிப்பைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஜெல் அதில் சீராகப் பிடிக்காது, படிவும் ஒளிரும்.

அக்ரிலமைடு, பிஸ், தாங்கல் கலவையை வெற்றிடத்தில் 15 நிமிடம் வைத்துக் காற்றை அகற்றுங்கள். ஆக்சிஜன் பலபடியாதலைத் தடுக்கும். மணிகளை ஒரு நிமிடமாவது மீயொலித் தொட்டியில் குலுக்கிச் சேருங்கள், கடைசியில் பெர்சல்ஃபேட்டும் டெமெட்டும். 18 மில்லிமீட்டர் வட்டக் கவர்ஸ்லிப்பின் பரப்பு 254 சதுர மில்லிமீட்டர். அதில் 20 மைக்ரோலிட்டர் விட்டால் சுமார் 79 மைக்ரோமீட்டர் தடிமன் கிடைக்கும், ஊறிய பின் இன்னும் கூடும். மேலே நீர் ஒட்டாத பூச்சுள்ள இன்னொரு கவர்ஸ்லிப்பை மூடி, உடனே தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். மணிகள் இறங்கி, பின்னர் மேற்பரப்பாகப் போகும் பக்கத்தில் தங்கும். 20 முதல் 30 நிமிடத்தில் உறைந்துவிடும். குழாயில் மிஞ்சிய கலவை உறைந்துவிட்டதா என்று பார்ப்பதுதான் எளிய சோதனை.

மேல் கவர்ஸ்லிப்பை உலர்ந்த நிலையில் பிரித்தால் ஜெல் கிழியும். தாங்கலில் முக்கி, 10 நிமிடம் விட்டு, ஓரத்தில் ஊசியைக் கொடுத்து நெம்புங்கள்.

தடிமன் அவ்வளவு முக்கியமா?

ஆமாம். வழக்கமான கணக்கீடு ஜெல்லுக்கு அடிப்பகுதியே இல்லை என்று வைத்துக்கொள்கிறது. ஜெல் மெலிந்திருந்தால் கீழேயுள்ள கண்ணாடி இடப்பெயர்ச்சியைக் குறைத்துவிடும், விசையும் குறைவாக வரும். 40 மைக்ரோமீட்டர் அகலமுள்ள தனிச்செல்லுக்கு 70 மைக்ரோமீட்டருக்குக் குறையாத தடிமன் இருக்கட்டும். செல் படலமாக நகர்ந்தால் அது போதாது. தடிமனைக் கூட்டுங்கள், இல்லையென்றால் வரம்புள்ள தடிமனுக்கான கணக்கீட்டுக்கு மாறுங்கள்.

விறைப்பை அட்டவணையிலிருந்து எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. ஒரே கலவை வெவ்வேறு ஆய்வகங்களில் வெவ்வேறு மதிப்பைத் தருகிறது. பெர்சல்ஃபேட்டின் பழமை, அறை வெப்பம், காற்றை அகற்றிய அளவு எல்லாம் அதில் நுழைந்துவிடும். விசை யங் குணகத்துக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், குணகத்தில் 30% தவறினால் எல்லா விசைகளும் 30% தவறும்.

செல்களுக்கு வைக்கும் ஊடகத்தில் ஓர் இரவு ஊறிய ஜெல்லை, 5 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள கோளம் ஒட்டிய கான்டிலீவரால் அழுத்தி, ஹெர்ட்ஸ் சமன்பாட்டில் பொருத்துவது நல்ல வழி. அழுத்தும் ஆழம் தடிமனில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. அந்தக் கருவி இல்லாதவர்கள் 0.6 மில்லிமீட்டர் எஃகுக் குண்டை ஜெல்மேல் விட்டு, அது எவ்வளவு அமிழ்கிறது என்று நுண்ணோக்கியின் குவியத்தால் அளப்பார்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது. மிதப்பு போக அந்தக் குண்டின் எடை சுமார் 7.5 மைக்ரோநியூட்டன். 5 கிலோபாஸ்கல் ஜெல்லில் அது 13 மைக்ரோமீட்டர் அமிழும். தொடும் வட்டத்தின் ஆரம் மட்டும் 60 மைக்ரோமீட்டருக்கு மேல். 80 மைக்ரோமீட்டர் ஜெல்லில் இதைச் செய்தால் நீங்கள் அளப்பது பாதி ஜெல், பாதி கண்ணாடி. குண்டு முறைக்கென்று அதே கலவையில் 1 மில்லிமீட்டர் தடிமனில் தனியாக ஒரு ஜெல்லை வார்த்துக்கொள்ளுங்கள். பாய்ஸான் விகிதத்தை (ஒரு திசையில் இழுத்தால் குறுக்கே எவ்வளவு சுருங்கும் என்ற அளவு) 0.45 முதல் 0.5 வரை எடுப்பது வழக்கம்; அதனால் வரும் பிழை சிறியது.

எந்த விறைப்பைத் தேர்ந்தெடுப்பது?

எளிய மதிப்பீடு ஒன்று: தகைவை (ஒரு பரப்பலகில் விழும் விசை) ஒட்டின் அகலத்தால் பெருக்கி, யங் குணகத்தால் வகுத்தால் தோராயமான இடப்பெயர்ச்சி கிடைக்கும். தகைவு 500 பாஸ்கல், ஒட்டு 2 மைக்ரோமீட்டர், ஜெல் 5 கிலோபாஸ்கல் என்றால் 0.2 மைக்ரோமீட்டர். 60 மடங்கு லென்ஸும் 6.5 மைக்ரோமீட்டர் பிக்சலும் உள்ள கேமராவில் அது ஏறத்தாழ இரண்டு பிக்சல், வசதியான அளவு. அதே செல்லை 30 கிலோபாஸ்கல் ஜெல்லில் வைத்தால் மூன்றில் ஒரு பிக்சல்தான் மிஞ்சும், இரைச்சல் அதை விழுங்கிவிடும். அதற்காக மிக மென்மையான ஜெல்லுக்கு ஓடவும் வேண்டாம். செல் பரவாது, ஒட்டுகள் முதிராது, நீங்கள் அளக்க நினைத்த முன்விளிம்பே உருவாகாமல் போகலாம்.

செல்கள் ஜெல்லில் ஒட்டவே இல்லை. ஏன்?

வெறும் பாலிஅக்ரிலமைடில் புரதமும் ஒட்டாது, செல்லும் ஒட்டாது. புரதத்தை வேதிப்பிணைப்பால் கட்ட வேண்டும். ஒளி பட்டால் ஜெல்லோடு பிணையும் சல்ஃபோ-சான்பாவை மில்லிலிட்டருக்கு 0.5 மில்லிகிராம் வீதம் பிஎச் 8.5 ஹெப்பஸ் தாங்கலில் கலந்து ஜெல்மேல் ஊற்றி, 365 நானோமீட்டர் புறஊதா விளக்கின் கீழ் 5 முதல் 10 நிமிடம் வைத்து, இரண்டுமுறை அலசி, மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் ஃபைப்ரோனெக்டின் என்ற ஒட்டுப் புரதத்தை 4 டிகிரியில் ஓர் இரவு விடுங்கள்.

தோல்விக்குப் பெரும்பாலும் சல்ஃபோ-சான்பாதான் காரணம். நீர் பட்டால் அது சிதையத் தொடங்கிவிடும். டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்துச் சிறு பங்குகளாக உறையவைத்து, நீரில் கலந்த சில நிமிடங்களுக்குள் பயன்படுத்துங்கள். ஒளி பட்டபின் ஆரஞ்சு நிறம் பழுப்பாக மாற வேண்டும். மாறவில்லை என்றால் விளக்கையும் அதன் அலைநீளத்தையும் பாருங்கள். கிருமிநீக்கும் 254 நானோமீட்டர் விளக்கைத் தவறுதலாக எடுப்பவர்கள் உண்டு. செல்கள் தீவுதீவாக ஒட்டினால் ஜெல்மேல் ஊற்றியது சீராகப் பரவவில்லை என்று பொருள். ஒளிரும் ஃபைப்ரோனெக்டினால் ஒருமுறை பூசிப் படம் எடுத்துவிட்டால் சந்தேகம் தீரும்.

படம் எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை?

நகரும் வேகத்தைப் பொறுத்து இடைவெளியை வையுங்கள். கெரட்டோசைட் நொடிக்கு 0.2 மைக்ரோமீட்டர்கூட ஓடும். 5 நொடிக்கு ஒரு படம் தேவை. நிமிடத்துக்கு ஒரு மைக்ரோமீட்டரைத் தாண்டாத ஃபைப்ரோபிளாஸ்டுக்கு ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு படம் போதும். இதற்குமேல் ஒளியைக் கொட்டினால் முன்விளிம்புதான் முதலில் சுருங்கும், அளவே கெட்டுவிடும். மணிகளையும் செல்லையும் வெவ்வேறு நிறத்தில் வையுங்கள். மணி சிவப்பு என்றால் செல் பச்சை. நுண்ணோக்கி மேடையை 37 டிகிரிக்குக் கொண்டுவந்த பிறகும் ஒன்றிரண்டு மணி நேரம் விடுங்கள். முதல் மணி நேரத்தில் உலோகமும் ஜெல்லும் விரிந்துகொண்டே இருக்கும்.

குவியம் மணிகளின் மேல் அடுக்கில் இருக்கட்டும். சில மைக்ரோமீட்டர் கீழே போனாலும் இடப்பெயர்ச்சி குறையும், ஒட்டுகளின் கூர்மை மழுங்கும்.

ஒப்பீட்டுப் படம் எதற்கு? எப்படி எடுப்பது?

செல் இல்லாதபோது மணிகள் இருந்த இடம் தெரிந்தால்தான் அவை எவ்வளவு நகர்ந்தன என்று சொல்ல முடியும். எல்லாம் முடிந்தபின் டிரிப்சின் நொதியாலோ 1% எஸ்டிஎஸ் சோப்பாலோ செல்லை அகற்றி அதே இடத்தைப் படம் எடுக்க வேண்டும். டிரிப்சின் மெதுவாக வேலை செய்யும், ஒட்டின் எச்சங்கள் சில நேரம் தங்கும். எஸ்டிஎஸ் நொடிகளில் முடித்துவிடும், ஆனால் அந்தத் தட்டில் வேறு செல்லுக்கு இனி வாய்ப்பில்லை.

இங்கேதான் பலருடைய நாள் வீணாகிறது. பைப்பெட்டின் நுனி தட்டில் பட்டால் போதும், மேடை 50 மைக்ரோமீட்டர் நகர்ந்துவிடும். மூடியில் துளையிட்டு மெல்லிய குழாய் செருகி, படம் எடுக்கத் தொடங்கும் முன்பே அதைப் பொருத்திவிடுங்கள். மருந்தை அந்தக் குழாய் வழியாக மெதுவாக விடுங்கள், 37 டிகிரிக்குச் சூடாக்கி. ஒப்பீட்டுப் படத்தை ஒரே தளத்தில் எடுக்காமல், அரை மைக்ரோமீட்டர் இடைவெளியில் 10 தளங்கள் எடுத்து, பொருந்துவதைப் பிறகு தேர்ந்தெடுங்கள். மிச்ச நகர்வைச் செல் இல்லாத மூலைகளைக் கொண்டு பிக்சலுக்கும் நுட்பமாகத் திருத்த வேண்டும்.

கணக்கீட்டில் என்ன நடக்கிறது? எந்த எண்களை வைப்பது?

இரண்டு படிகள். முதலில், ஒப்பீட்டுப் படத்தையும் செல் உள்ள படத்தையும் சிறு சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரமும் எவ்வளவு நகர்ந்தது என்று தேடுவது. 64 பிக்சலில் தொடங்கி 32-க்கு இறங்கி, 16 பிக்சல் இடைவெளியில் புள்ளிகளை வைப்பது நல்ல தொடக்கம். மேலே சொன்ன கேமராவில் அது 1.7 மைக்ரோமீட்டர். ஒரு சதுரத்துக்குள் ஐந்து மணிகளாவது வேண்டும். 32 பிக்சல் சதுரத்துக்கு, சதுர மைக்ரோமீட்டருக்கு அரை முதல் ஒரு மணி.

இரண்டாவது, இடப்பெயர்ச்சியிலிருந்து விசைக்குத் திரும்புவது. 2002-இல் பட்லர் குழு இதை ஃபூரியர் வெளியில் செய்யும் வழியைக் காட்டியது. இலவசப் பட ஆய்வு மென்பொருளான ஃபிஜிக்கான செருகுநிரல்களிலும் அதுவே உள்ளது. சிக்கல் என்னவென்றால், இந்தத் திரும்பும் கணக்கு இரைச்சலைப் பெருக்கும். இடப்பெயர்ச்சியில் இல்லாத நுண்மையை விசையில் உருவாக்கிவிடும். அதை அடக்க ஒரு மென்மையாக்கும் காரணி சேர்க்கிறோம். குறைவாக வைத்தால் படம் முழுவதும் புள்ளிப் புள்ளியாக விசை முளைக்கும். அதிகமாக வைத்தால் ஒட்டுகள் ஒன்றோடொன்று கலந்து உச்ச விசை பாதியாகும். பல மதிப்புகளுக்குக் கணக்கிட்டு, பொருத்தப் பிழைக்கும் விசையின் அளவுக்கும் வரைபடம் போட்டு, வளைவு மடங்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். இன்னொருவர் கட்டுரையில் உள்ள மதிப்பை அப்படியே எடுக்காதீர்கள். அது அவருடைய அலகுகளுக்கும் இரைச்சலுக்கும் உரியது. தேர்ந்தெடுத்த பிறகு ஒரே ஆய்வின் எல்லாச் செல்களுக்கும் அதே மதிப்புதான். கட்டுப்பாட்டுச் செல்லுக்கு ஒன்று, மருந்திட்டதற்கு வேறொன்று என்றால் வித்தியாசத்தை நீங்களே உருவாக்குகிறீர்கள்.

கிடைத்த விசை சரிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தனிச்செல்லில் எல்லா விசைகளின் திசையன் கூட்டல் கிட்டத்தட்டப் பூச்சியம் ஆக வேண்டும். அவ்வளவு மெதுவாக நகரும் பொருளுக்கு நீரின் தடையும் நிலைமமும் பொருட்டில்லை. திசையன் கூட்டலை அளவுகளின் கூட்டலால் வகுத்தால் 10 விழுக்காட்டுக்குள் இருக்கட்டும். தாண்டினால் நகர்வுத் திருத்தம் சரியில்லை, இல்லை செல்லின் ஒரு பகுதி படத்துக்கு வெளியே இருக்கிறது. ஒரு கவனம்: ஃபூரியர் கணக்கில் சராசரியைப் பூச்சியமாக்கும் மென்பொருளில் முழுப் படத்துக்கும் கூட்டினால் சமன்பாடு தானாகவே வந்துவிடும். செல்லின் எல்லைக்குள் மட்டும் கூட்டிப் பாருங்கள்.

அடுத்து, செல்லே இல்லாத இடத்தின் இரண்டு படங்களை அதே கணக்கீட்டில் ஓட்டுங்கள். வரும் விசைதான் உங்கள் இரைச்சல் தரை. அதற்குக் கீழே உள்ள வண்ணங்களுக்குப் பொருள் கிடையாது. மூன்றாவதாக, தெரிந்த விசைகளைக் கணினியில் வைத்து, இடப்பெயர்ச்சி கணக்கிட்டு, இரைச்சல் சேர்த்து, மீட்டெடுத்துப் பாருங்கள். 1.7 மைக்ரோமீட்டர் இடைவெளியில் 3.5 மைக்ரோமீட்டருக்கும் நெருக்கமான இரண்டு ஒட்டுகளைப் பிரிக்க முடியாது என்பதை உங்கள் கண்ணாலேயே காண்பீர்கள். ஃபைப்ரோபிளாஸ்ட் லேமெல்லிபோடியத்தின் ஆழமே அவ்வளவுதான். அங்கே "விளிம்பில் இவ்வளவு, அதற்குப் பின்னால் இவ்வளவு" என்று நுட்பமாகப் பிரித்துப் பேச இந்த அமைப்பில் இடமில்லை.

செல்லுக்கு வெளியேயும் விசை தெரிகிறதே?

சற்றுத் தெரியத்தான் செய்யும். மென்மையாக்கலின் விளைவு அது. ஒட்டிலிருந்து இரண்டு மூன்று புள்ளிகளுக்கு அப்பாலும் பெரிதாக இருந்தால், அருகில் வேறு செல் இருக்கிறதா, பிழையான திசையன்கள் வடிகட்டப்படாமல் தங்கிவிட்டனவா என்று பாருங்கள்.

கெரட்டோசைட் பக்கவாட்டில் இழுப்பதாக வருகிறது. தவறா?

தவறில்லை. அரைவட்ட விசிறிபோல் விரிந்து வழுக்கிச் செல்லும் இந்தச் செல்லின் பெரிய டிராக்ஷன் விசைகள் இரு பக்க முனைகளில் உள்நோக்கி, பயணத் திசைக்குச் செங்குத்தாக நிற்கின்றன. முன்விளிம்பில் சிறிய விசைதான். ஃபைப்ரோபிளாஸ்டில் நிலைமை வேறு. 2001-இல் பெனிங்கோ குழு காட்டியபடி, முன்விளிம்பை ஒட்டிப் புதிதாக உருவாகும் சிறிய ஒட்டுகள் அளவுக்கு மீறிய விசையைத் தருகின்றன. முதிர்ந்து பெரிதாகும்போது விசை குறைகிறது. ஒட்டு பெரிதானால் விசையும் பெரிது என்று எங்கும் பொருத்திவிட முடியாது.

தள்ளுவிசையைத்தான் அளக்க வேண்டும். என்ன செய்வது?

செல்லின் பாதையில் தடையை வைக்க வேண்டும். மீட்டருக்கு 0.01 நியூட்டன் சுருள்வில் மாறிலியுள்ள மென்மையான கான்டிலீவரில் 1 நானோநியூட்டன் 100 நானோமீட்டர் வளைவைத் தரும். அதன் வெப்ப அதிர்வு 0.64 நானோமீட்டர், விசையில் சொன்னால் சுமார் 6 பிகோநியூட்டன். கெரட்டோசைட்டின் விளிம்புக்கு இது தாராளமாகப் போதும்.

பெட்டியில் அச்சிட்ட மாறிலியை நம்பாதீர்கள்; நீரில், வெப்ப இரைச்சல் முறையில் ஒவ்வொரு கான்டிலீவரையும் அளவுதிருத்துங்கள். பொன்பூச்சுள்ளவை வெப்பம் சற்று மாறினாலே ஈருலோகப் பட்டைபோல் வளையும். நீரில் இறக்கியபின் 30 நிமிடத்துக்கு மேல் காத்திருங்கள். மோதல் சுமார் 10 நொடியில் முடிந்துவிடுவதால், அதன்பின் வரும் மெதுவான நகர்வு உங்களைப் பாதிக்காது. உண்மையான தொல்லை வேறு. லேமெல்லிபோடியம் 100 முதல் 200 நானோமீட்டர் உயரம்தான். கான்டிலீவர் அதைவிட உயரத்தில் நின்றால் செல் அடியில் நுழைந்து மேலே தூக்கும். நீங்கள் முன்னோக்கிய விசையை அளக்கவில்லை. கண்ணாடியைத் தொட்டு நின்றால் உராய்வு விசையைத் தின்னும். தொட்டு, சில பத்து நானோமீட்டர் மட்டும் மேலே எடுத்து நிறுத்துங்கள். மோதலை ஒளிப்படத்திலும் பதியுங்கள்; வளைவு கருவியில் தெரிந்தும் விளிம்பு அங்கே இல்லாத பதிவுகளை நீக்கிவிடலாம்.

ஒளிப்பொறி போதாதா?

ஒளிப்பொறி என்பது லேசர் ஒளியால் ஒரு நுண்மணியைப் பிடித்து வைத்து விசையை அளக்கும் கருவி. ஃபிலோபோடியத்துக்கு (செல்லிலிருந்து நீளும் விரல் போன்ற நீட்சி) அது போதும், நரம்பு செல்லின் வளர்முனைக்கும் போதும். 2007-இல் கோஜாக் குழு வளர்முனைகளில் ஃபிலோபோடியத்துக்கு 3 பிகோநியூட்டனுக்கு மேல் போகாத விசையையும், லேமெல்லிபோடியத்துக்கு 20 பிகோநியூட்டன் வரையும் அளந்தது. கெரட்டோசைட்டின் அகன்ற விளிம்புக்கு முன்னால் ஒளிப்பொறி நிற்காது, மணி தெறித்துப் போய்விடும். 1064 நானோமீட்டர் லேசர் 100 மில்லிவாட்டுக்கு ஏறத்தாழ 1 டிகிரி சூடேற்றும் என்பதால் திறனைக் கூட்டிக்கொண்டே போகவும் முடியாது.

ஆனால் சவ்வின் இழுவிசைக்கு இதைவிட நல்ல கருவி இல்லை. பூசிய மணியைச் சவ்வில் ஒட்டி இழுத்தால் சவ்விலிருந்து மெல்லிய இழை நீளும்; இது ஆக்டின் இழை அல்ல. இந்தச் சவ்வு இழையின் விசையின் வர்க்கத்தை, π-இன் வர்க்கத்தின் எட்டு மடங்காலும் சவ்வின் வளைவு விறைப்பாலும் வகுத்தால் இழுவிசை. இழை 55 பிகோநியூட்டன், விறைப்பு 0.14 பிகோநியூட்டன்-மைக்ரோமீட்டர் என்றால், மைக்ரோமீட்டருக்குச் சுமார் 270 பிகோநியூட்டன். மைக்ரோமீட்டருக்கு 100 ஆக்டின் இழைகள் தள்ளுவதாகச் சொன்னோமே, ஓர் இழைக்கு 3 பிகோநியூட்டன்கூட ஆகவில்லை. இரு வேறு வழிகள் ஒரே படிநிலையில் சந்திப்பது நல்ல அறிகுறி. விசையின் வர்க்கம் வருவதால் இழைவிசையில் 10% பிழை இழுவிசையில் 20% ஆகும்.

சிலிக்கோன் தூண்கள்?

நுண்ணிய தூண்களின் மேல் செல்லை வைத்து, அவை வளைவதை அளக்கும் முறை இது. கணக்கு எளிது, திரும்பும் சிக்கல் கிடையாது. தூணின் வளைவை மாறிலியால் பெருக்கினால் விசை. 2 மைக்ரோமீட்டர் விட்டம், 6 மைக்ரோமீட்டர் உயரம், 2 மெகாபாஸ்கல் என்றால் மைக்ரோமீட்டருக்குச் சுமார் 22 நானோநியூட்டன். ஆனால் மாறிலி விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது: விட்டத்தில் 5% பிழை, விசையில் 22%. வார்ப்பின் விட்டத்தை வைத்துக்கொள்ளாமல் தூணையே எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் அளந்துகொள்ளுங்கள். அடித்தளமும் சற்றுச் சாய்வதால் உண்மை மாறிலி சமன்பாடு தருவதைவிடக் குறைவு. எத்தனாலில் வைத்துப் பிரித்து, பிறகு நீருக்கு மாற்றுங்கள். இடையில் காய்ந்தால் தூண்கள் ஒன்றோடொன்று சாய்ந்து ஒட்டிக்கொள்ளும். தூண்களுக்கு நடுவே உள்ள இடைவெளி விளிம்பின் வடிவத்தையே மாற்றுகிறது என்பதால், லேமெல்லிபோடியத்துக்கு எங்கள் தேர்வு ஜெல்தான்.

செல் படலத்தின் முன்வரிசை மட்டும்தான் இழுக்கிறதா?

இல்லை. 2009-இல் திரெபத் குழு எம்டிசிகே (நாயின் சிறுநீரக) செல் படலங்களில், விளிம்பிலிருந்து பல வரிசை உள்ளே இருக்கும் செல்களும் அடித்தளத்தை இழுப்பதைக் காட்டியது. படலம் படத்தின் ஓரத்தைத் தாண்டிப் போவதால் விசைச் சமன்பாட்டுச் சோதனை இங்கே செல்லாது. ஓரப் புள்ளிகளை விலக்கிவிடுங்கள்.

மருந்துகளால் சோதிக்கும்போது?

மயோசினைத் தடுக்க பிளெபிஸ்டாட்டின் 20 முதல் 50 மைக்ரோமோலார். நீல ஒளி அதைச் செயலிழக்கச் செய்வதோடு செல்லையும் நஞ்சூட்டும். பச்சையில் ஒளிரும் செல்லை 488 நானோமீட்டரில் பார்த்துக்கொண்டே இதை இட்டால் முடிவுக்குப் பொருளில்லை. பாரா-நைட்ரோ வடிவத்துக்கு மாறுங்கள், அல்லது செல்லைச் சிவப்பிலும் மணியை அகச்சிவப்பருகிலும் வையுங்கள். ஆக்டின் இழைகளைக் கிளையிடச் செய்யும் ஆர்ப்2/3 புரதத்தைத் தடுக்க சிகே-666, 100 மைக்ரோமோலார். டிஎம்எஸ்ஓ மட்டும் இட்ட கட்டுப்பாடு அதே நாளில், அதே வார்ப்பு ஜெல்லில் வேண்டும்.

கட்டுரையில் எவற்றைக் கட்டாயம் எழுத வேண்டும்?

யங் குணகமும் அதை அளந்த முறையும், ஊறிய பின் தடிமன், பாய்ஸான் விகிதம், புள்ளி இடைவெளி, மென்மையாக்கும் காரணியும் தேர்ந்தெடுத்த வழியும், பாஸ்கலில் இரைச்சல் தரை. "உச்சத் தகைவு" இரைச்சலுக்கும் மென்மையாக்கலுக்கும் மிக எளிதில் ஆட்டம் காணும். மொத்த விசையையும் திரிபு ஆற்றலையும் (ஜெல்லை உருமாற்றச் செலவான ஆற்றல்) சேர்த்துக் கொடுங்கள். எத்தனை செல் என்பதோடு எத்தனை நாள், எத்தனை வார்ப்பு என்றும் எழுதுங்கள். ஒரே ஜெல்லில் அளந்த 40 செல்கள் அந்த ஜெல்லின் விறைப்புப் பிழையை நாற்பதும் சேர்ந்து சுமக்கின்றன.